வதந்தியாய் இருந்த வாழ்க்கை

1959-இல் வெளியான ‘பில்லோ டாக்’ படத்தில் ஒரு காட்சி. ராக் ஹட்சன் நடித்த பிராட் ஆலன் பெண்களை மயக்குவதில் கைதேர்ந்தவன். அவனுக்கும் டோரிஸ் டே நடித்த பெண்ணுக்கும் ஒரே தொலைபேசி இணைப்பு. குரல்தான் பழக்கம், அவன் முகத்தை அவள் பார்த்ததில்லை. டெக்சாஸிலிருந்து வந்த ரெக்ஸ் என்ற அப்பாவியாக வேடம் போட்டு அவளோடு பழகுகிறான். பிறகு தொலைபேசியில் தன் சொந்தக் குரலிலேயே, அந்த ரெக்ஸை நம்பிவிடாதே, சில ஆண்கள் அம்மா பிள்ளைகளாக இருப்பார்கள், சமையல் குறிப்புகளில்தான் அவர்களுக்கு நாட்டம் என்று கொளுத்திப்போடுகிறான். அடுத்த சந்திப்பில் ரெக்ஸ், ஒன்றும் அறியாதவன்போல, மேசையில் தொட்டுக்கொள்ள வைத்திருந்த பதார்த்தத்தை ருசி பார்த்துவிட்டு, இதன் செய்முறை கிடைக்குமா, அம்மாவுக்குப் பிடிக்கும் என்று கேட்கிறான். அவள் முகம் வாடிப்போகிறது.

அன்று அது நகைச்சுவை. இன்று அதே காட்சியைப் பார்க்கிறவர்களுக்கு ஹட்சன் தன்பாலீர்ப்பாளர் என்பது தெரியும். அந்த உண்மையை மறைத்து வாழ்ந்த ஒருவர், பெண் பித்தனாக நடித்து, அந்தப் பெண் பித்தன் வழியாகத் தன்னைப் போன்ற ஒருவனைக் கேலி செய்கிறார். எத்தனை முறை பார்த்தாலும் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது எனக்கு. செய்முறை கேட்கும் அந்த நொடியில் ஹட்சனின் கண்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவற்றில் எதுவும் தெரியவில்லை. அவ்வளவு நல்ல நடிகர் அவர்.

1955 அக்டோபரில் ‘லைஃப்’ பத்திரிகை அவர் படத்தை அட்டையில் போட்டது. 29 வயதாகிவிட்டது, ஒன்று திருமணம் செய்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் ஏன் செய்துகொள்ளவில்லை என்று சொல்ல வேண்டும் என ரசிகர்கள் எதிர்பார்ப்பதாக எழுதியது. அடுத்த மாதமே தன் முகவர் ஹென்றி வில்சனின் செயலாளரான ஃபிலிஸ் கேட்ஸை ஹட்சன் மணந்தார். 1958-இல் மணமுறிவு. காதலித்துத்தான் மணந்தேன் என்று பிற்காலத்தில் அந்தப் பெண் எழுதினார். ஹட்சன் இழந்ததைப் பேசுகிற நாம், கேட்ஸ் இழந்ததையும் அதோடு சேர்த்துத்தான் பேச வேண்டும்.

அந்த அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ‘கான்ஃபிடென்ஷியல்’ என்ற மஞ்சள் பத்திரிகை அப்போது 40 இலட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றுக்கொண்டிருந்தது. யார் யாரோடு, எந்த விருந்தில், எந்த அறையில் என்பதுதான் அதன் சரக்கு. அதே 1955 செப்டம்பர் இதழில் நடிகர் டாப் ஹன்டரின் கதையைப் போட்டது: ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஆண்கள் கூடிய ஒரு வீட்டு விருந்தில் போலீஸ் நுழைந்து பிடித்தவர்களில் அவரும் ஒருவர் என்பது செய்தி. ஹட்சனின் கதை அச்சேறாமல் இருக்க, தன்னை விட்டு விலகிப்போன ஹன்டரின் கதையை வில்சனே கொடுத்தார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது.

ஸ்டுடியோக்களின் ஒப்பந்தங்களில் ஒழுக்க விதி என்று ஒன்று இருந்தது. ஊர் வாயில் விழுந்த நடிகரை அந்த ஒரு விதியைக் காட்டி வெளியேற்றலாம். நடிகருக்குப் பெயர் சூட்டுவதும், மாலைகளில் எந்த நடிகையோடு உணவகத்தில் தென்பட வேண்டும் என்று முடிவு செய்வதும், பெயர் கெடும்போல் இருந்தால் பத்திரிகையாளரைச் சரிக்கட்டுவதும் ஸ்டுடியோ ஆட்களின் வேலை. திரையிலும் கதவு அடைத்தே இருந்தது. 1930-இல் எழுதி 1934 முதல் கண்டிப்பாக அமலுக்கு வந்த தணிக்கை விதித்தொகுப்பு, தன்பாலீர்ப்புக் காதலின் சாயலைக்கூடத் தடைசெய்தது. லில்லியன் ஹெல்மனின் ‘சில்ட்ரன்ஸ் அவர்’ நாடகம், இரண்டு ஆசிரியைகளுக்கிடையே காதல் என்று ஒரு மாணவி கிளப்பிவிடும் வதந்தி அவர்கள் வாழ்வைக் குலைப்பதைச் சொல்வது. வில்லியம் வைலர் 1936-இல் அதைப் படமாக்கியபோது, ஒருத்தியின் வருங்காலக் கணவனோடு மற்றவளுக்குத் தொடர்பு என்று வதந்தியையே மாற்ற வேண்டியிருந்தது. 25 ஆண்டுகள் கழித்து, விதி தளர்ந்த 1961-இல், அதே வைலர் அதே கதையை உள்ளபடியே மறுபடி எடுத்தார். அதிலும் தன் மனத்தை ஒப்புக்கொள்ளும் பெண் தூக்கிட்டுக்கொள்கிறாள்.

இன்றைய நிலை வேறு. ‘பிரிட்ஜர்டன்’ தொடரின் 2022-ஆம் ஆண்டுப் பகுதியில் காதல் நாயகனாக வந்த ஜோனத்தன் பெய்லி தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்பவர். அவருக்கு இணை, தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த சிமோன் ஆஷ்லி. அந்தத் தொடரில் அவர் தகப்பனை ‘அப்பா’ என்றே சொல்வார். அந்தக் காதலில் உலகமே மயங்கியது. நாயகன் வீட்டுக்குப் போய் யாரோடு வாழ்கிறார் என்பது அந்த மயக்கத்தைக் கெடுக்கவில்லை. 1959-இல் ஹட்சனும் டோரிஸ் டேயும் செய்ததும் இதே வேலைதான். வீட்டில் நடிக்க வேண்டிய தேவை பெய்லிக்கு இல்லை, அவ்வளவே. ஆனால் அந்த ‘அவ்வளவே’க்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இன்றும் ஹாலிவுட்டின் முதல் வரிசை நாயகர்களில் இப்படிச் சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இடைப்பட்ட காலத்தில் நம் பார்வையும் மாறியிருக்கிறது. நடிகர்கள் கேரி கிரான்டும் ராண்டால்ஃப் ஸ்காட்டும் 1930களில் சான்டா மோனிக்கா கடற்கரை வீடொன்றில் சேர்ந்து வசித்தார்கள். நீச்சல் குளத்துத் துள்ளுபலகையில் இருவரும், சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே இருவரும் என்று எடுத்த படங்கள் ரசிகர் பத்திரிகைகளில் வந்தன. ரசிகைகளுக்கு இரண்டு அழகான பிரமச்சாரிகளைக் காட்டும் விளம்பரம் அது. இன்று அதே படங்களை அவர்கள் காதலர்கள் என்பதற்கு ஆதாரமாகப் பார்க்கிறார்கள். கிரான்ட் ஐந்து முறை மணந்தவர். 1980-இல் தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவை நடிகர் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று கேலி செய்தபோது வழக்குத் தொடுத்தார். 2011-இல் அவர் மகள் எழுதிய நூலும் இந்தப் பேச்சை ஏற்கவில்லை. அந்த மேசையில் என்ன இருந்தது என்பது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்; இருவரும் போய்விட்டார்கள்.

இப்படித் துருவுகிறவர்களை ‘கான்ஃபிடென்ஷியல்’ ஆட்களோடு சேர்த்து எண்ண எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் அழிக்கத் தேடினார்கள். இவர்களில் பலர் தங்களுக்கும் ஒரு முன்னோர் உண்டா என்று தேடுகிறார்கள். உண்மையைச் சொல்ல விடாமல் ஒரு தலைமுறையின் வாயை அடைத்தால், அடுத்த தலைமுறைக்கு ஊகம்தான் மிஞ்சும். ஆனாலும் பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் எழுதும் கைக்குக் கூடுதல் நிதானம் வேண்டும். டாப் ஹன்டர் இதைச் சரியாகப் புரிந்துகொண்டார். தன்னைப் பற்றி வேறொருவர் எழுதப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் தானே எழுத உட்கார்ந்தார். 2005-இல் வந்த அந்தத் தன்வரலாற்றின் தலைப்பில், தன்னைக் காட்டிக்கொடுத்த பத்திரிகையின் பெயரையே வைத்தார். ஹட்சனுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. 1985 ஜூலையில் பாரிஸ் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து, எய்ட்ஸ் நோயோடு சேர்ந்துதான் அவர் வாழ்க்கை வெளியே வந்தது. அக்டோபர் 2-இல் இறந்தார்.

இந்த வரிசையில் வில்லியம் ஹெய்ன்ஸைப் பற்றி ஊகிக்க ஒன்றும் இல்லை. 1930-இல் வசூலில் முதலிடத்தில் இருந்த எம்.ஜி.எம். நடிகர். 1926 முதல் ஜிம்மி ஷீல்ட்ஸோடு வாழ்ந்தார். ஷீல்ட்ஸை விட்டுவிட்டு ஒரு பெண்ணை மணக்கும்படி ஸ்டுடியோத் தலைவர் சொன்னார் என்றும், ஹெய்ன்ஸ் மறுத்தார் என்றும் கதை. ஸ்டுடியோ அவரைக் கைவிட்டது. 1934-க்குப் பிறகு அவர் நடிக்கவில்லை. வீட்டு உள்அலங்காரத் தொழிலுக்குப் போனார். ஜோன் கிராஃபோர்டின் வீடு, ரீகன் தம்பதியின் வீடு, இலண்டனில் அமெரிக்கத் தூதரின் மாளிகை என்று அதிலும் பெயர் எடுத்தார். ஷீல்ட்ஸ் கடைசிவரை உடன் இருந்தார். 1973 டிசம்பரில் ஹெய்ன்ஸ் இறந்தார். சில மாதங்களில் ஷீல்ட்ஸ் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 47 ஆண்டுகள் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையைக் குற்றமாக வைத்திருந்த கலிஃபோர்னியச் சட்டம் 1975-இல் நீக்கப்பட்டது.