கோவாவுக்கு முருங்கை என்ன உறவு?

அக்கரைப்பற்றுச் சந்தையில் கோவா, பூக்கோவா, நோக்கோல் மூன்றும் அருகருகே குவிந்து கிடக்கும். நுவரெலியா, வெலிமடைப் பக்கமிருந்து லொறியில் வந்திறங்குபவை. விலையும் வேறு, சமையலும் வேறு. கோவாவைச் சுண்டுவோம், நோக்கோலைக் கறி வைப்போம். ஆலையடிவேம்பில் எந்தக் குசினியில் கேட்டாலும் இவை மூன்று மரக்கறிகள்தான். தாவரவியலாளர் கணக்கில் ஒன்றே ஒன்று. மூன்றும் ‘பிரசிக்கா ஒலரேசியா’ என்ற ஒரே இனம். புரோக்கோலியும் அதுவேதான்.

மத்தியதரைக் கடலின் கிழக்குப் பக்கத்தில் வளர்ந்த ஒரு காட்டுச் செடிதான் இவற்றின் மூதாதை. விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகத் தமக்குப் பிடித்த செடியில் விதை எடுத்து விதைத்தார்கள். ஓரிடத்தில் இலையைப் பார்த்து எடுத்தார்கள், இன்னோரிடத்தில் தண்டைப் பார்த்து எடுத்தார்கள். நடந்தது அவ்வளவே. ஒரு கோவாவை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். நடுவில் குட்டையான வெள்ளைத் தண்டு, அதைச் சுற்றி நெருக்கியடித்த இலைகள், இலைக்கும் தண்டுக்கும் இடையில் சின்னச் சின்ன மொட்டுகள். முழுக் கோவாவும் விரியாத ஒரு பெரிய நுனி மொட்டு. நோக்கோலைக் கிழங்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது மண்ணுக்கு மேலே பருத்த தண்டு; இலை உதிர்ந்த தழும்புகள் அதன் மேலேயே தெரியும்.

பூக்கோவாவின் கதைதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய அதிசயம். அதில் ஒவ்வொரு மொட்டும் பூவாகப் பார்க்கிறது, முடியாமல் மறுபடி தண்டாகிறது. அந்தத் தண்டில் வரும் மொட்டுகளுக்கும் அதே கதிதான். பூக்கும் கட்டளையைத் தாங்கும் மரபணுக்கள் சில பழுதானதால் வந்த விளைவு இது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2021இல் இதைக் கணினி மாதிரியோடு விளக்கினார்கள். மரபணு என்ற ஒன்று இருப்பதே தெரியாத விவசாயிகள் அந்தப் பழுதைக் கண்ணால் கண்டு, காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

கடுகும் முள்ளங்கியும் இதே குடும்பம். பூவில் அடையாளம் உண்டு: சிலுவைபோல நான்கு இதழ்கள், ஆறு மகரந்தக் கேசரங்கள், அவற்றில் நான்கு நெட்டை, இரண்டு குட்டை. 1920களில் கார்பெச்சென்கோ என்ற ரஷ்ய விஞ்ஞானி முள்ளங்கியையும் கோவாவையும் கலந்தே காட்டினார். இரண்டுக்கும் நிறமூர்த்தங்கள் 18. விதை தந்த கலப்புச் செடிக்கு 36. அதன் காயில் ஒரு பாதி முள்ளங்கியின் சாயல், மறுபாதி கோவாவின் சாயல்.

உறவு அதோடு முடியவில்லை. நம் வளவில் நிற்கும் முருங்கையும் பப்பாசியும் வேறு குடும்பங்கள்தான், ஆனால் குடும்பங்களுக்கு மேலே உள்ள பிரிவான வருணத்தில் கோவாவோடு ஒன்றாகச் சேர்ந்தவை. தோற்றத்தில் ஒரு துளி ஒற்றுமை கிடையாது. காட்டிக்கொடுப்பது காரம். கந்தகம் கலந்த ஒரு பொருளை ஒரு கலத்திலும், அதை உடைக்கும் நொதியத்தை வேறொரு கலத்திலும் இந்தச் செடிகள் பிரித்து வைத்திருக்கின்றன. பூச்சி கடித்தாலோ நாம் அரைத்தாலோ இரண்டும் சேர்ந்து காரம் பிறக்கிறது. அச்சாறுக்குக் கடுகு அரைக்கையில் மூக்கில் ஏறுவது அதுதான். முழுக் கடுகைக் கொதிக்கும் எண்ணெயில் போட்டால் நொதியம் சூட்டில் செத்துவிடும், அதனால் தாளித்த கடுகில் அந்தக் காரம் இல்லை. பப்பாசி விதை ஒன்றைக் கடித்துப் பாருங்கள், கடுகின் உறைப்பு நாக்கில் தெரியும். முருங்கை வேரிலும் இந்தக் காரம் உண்டு.

பள்ளித் தோட்டம் வைத்திருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை முள்ளங்கி போடும்போது நாலைந்து செடிகளைப் பிடுங்காமல் பூக்க விடுங்கள். அந்த ஆறு கேசரங்களைப் பிள்ளைகள் தாங்களே எண்ணட்டும்.