ரவிக்கைக் கை இறுகினால்

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, கரண்டும் (கதிர்வீச்சு) வைத்து, சொந்த ஊரான வன்னியம்பட்டிக்குத் திரும்பி வழக்கம்போல வேலை பார்ப்பவருக்கு ஒன்றிரண்டு வருஷம் கழித்து அந்தப் பக்கத்துக் கை வீங்கலாம். பெரும்பாலும் வலிக்காது. கை கனக்கும், வளையல் இறங்காது, ரவிக்கையின் ஒரு கை மட்டும் பிடிக்கும். டெய்லர் அளவைத் தப்பாக எடுத்துவிட்டார் என்றுதான் முதலில் தோன்றும்.

கையில் ஊறும் நிணநீர் அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகள் வழியாகத்தான் வடிந்து திரும்புகிறது. புற்று பரவியிருக்கிறதா என்று பார்க்கவும், பரவியிருந்தால் அகற்றவும் ஆபரேஷனில் அவற்றை எடுக்கிறார்கள். மிச்ச வழிகளைக் கதிர்வீச்சு தழும்பாக்கிவிடக்கூடும். முடிச்சுகளை மொத்தமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வீக்கம் வருகிறது. பார்க்க யானைக்கால் போல இருந்தாலும் இது கொசுவால் வந்ததல்ல, யாருக்கும் ஒட்டாது.

வீட்டில் இருக்கிற இஞ்ச் டேப் போதும். முழங்கை மடிப்புக்கு மேலே 10 செ.மீ., கீழே 10 செ.மீ. என இரண்டு கைகளையும் மாதம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். புழங்கும் கை இயல்பிலேயே சற்றுத் தடிமன்தான்; ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே ஓர் அளவு எடுத்துவைப்பது நல்லது. வித்தியாசம் 2 செ.மீ. கூடினால் டாக்டரிடம் போங்கள். விரலால் அழுத்தினால் குழி விழுகிற கட்டத்தில் பிடித்தால் அடக்கிவிடலாம். கெட்டிப்பட்டுவிட்டால் பாடு அதிகம். திடீரென்று வீங்கினால் காத்திருக்கவே கூடாது. ரத்தக்கட்டாகவோ புற்று திரும்பியதாகவோ இருக்கலாம்.

நீர் மாத்திரை இதற்குப் பயன்படாது. எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவதும் வேண்டாம். பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் தோலை மெல்ல வருடி நீரை நகர்த்தி, அடுக்கடுக்காகக் கட்டுப் போடுவார். வீக்கம் வடிந்ததும் அளவெடுத்த அழுத்த உறை. பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி காயத்துக்கு ஆகும். இதற்கு வேண்டியது அதிகம் நீளாத தனி ரகம். வீட்டிலேயே இறுக்கிச் சுற்றினால் நீர் விரல்களில் போய்ச் சேரும்.

‘அந்தக் கையால் குடம் தூக்காதே’ என்று ஆயுசுக்கும் தடை போடுவார்கள். அது பழைய கதை. கொஞ்சம் கொஞ்சமாக எடை கூட்டிப் பயிற்சி செய்தவர்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை என்று 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. சும்மா தொங்கப்போட்ட கைக்குத்தான் கேடு.

பயப்பட வேண்டியது காயத்துக்கு. முள் குத்தினாலும் மாங்காய்ப் பால் பட்டுப் பொத்துப்போனாலும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் அடித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், எந்தப் பக்கம் ஆபரேஷன் ஆனது என்பதை முதலில் சொல்லுங்கள்.