சட்டம் இருக்கிறது, சாவி டில்லியில்!

ஆலைச் சங்கு ஊதி, முதல் ஷிப்டு முடிந்து வெளியே வந்த தோழர் ஒருவர், மடித்து வைத்திருந்த தாளொன்றை நம்மிடம் நீட்டினார். பத்திரிகையிலிருந்து கத்தரித்த விளம்பரம். நீரிழிவு நோய் நாற்பதே நாளில் அடியோடு தீருமாம்! ஊசி வேண்டாமாம், பத்தியம் வேண்டாமாம், பணம் கட்டினால் டப்பா வீடு தேடி வருமாம்! “வாங்கிச் சாப்பிடலாமா, அண்ணே?” என்று கேட்டார். அதை நம்பி மூன்று நாளாக இன்சுலின் ஊசியை நிறுத்தியிருந்தார் என்பது பேச்சுக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. கையோடு அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம்.

அவரை ஏமாளி என்று ஏச நாம் தயாராக இல்லை. அச்சில் வந்தால் உண்மை என்று நம்புகிற பழக்கத்தை அவருக்கு ஏற்படுத்தியவர்கள் யார்? பத்திரிகை நடத்துகிற நாமெல்லாம்தானே!

அந்த விளம்பரம் வெளிவரவே கூடாது என்பது சட்டம். இன்று நேற்றுப் போட்ட சட்டமல்ல. 1954-ஆம் ஆண்டிலேயே நிறைவேறி, 1955 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. மருந்துகள், மாய சிகிச்சைகள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் அது. நீரிழிவு, புற்றுநோய், காக்கை வலிப்பு, தொழுநோய் என்று நீண்ட பட்டியல் போட்டு, இவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யாதே என்கிறது. அதோடு நிற்கவில்லை. தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதும் குற்றம் என்கிறது. பகுத்தறிவாளர்கள் ஊர் ஊராகச் சென்று மேடையில் முழங்கியதை, காங்கிரஸ் சர்க்காரே ஏட்டில் எழுதி வைத்தது. நல்லதை நல்லது என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. விளம்பரத்தை வெளியிடுவதில் எந்த வகையிலாவது பங்கு கொள்வதும் குற்றம் என்று எழுதியிருப்பதால், அச்சிடுகிற ஏடும் தப்ப முடியாது. முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று தண்டனையும் வகுத்தது.

மருந்து வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? பேச்சுரிமை பறிபோகிறது என்று உச்சநீதிமன்றம் ஏறினார்கள். சரக்கு விற்கச் செய்யும் இத்தகைய விளம்பரம் அரசியல் சட்டம் காக்கும் பேச்சுரிமையில் சேராது என்று 1959 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. சட்டத்தின் சில பகுதிகள் செல்லாமற் போயின, அடிப்படை நிலைத்தது.

நிலைத்து என்ன? 2022-ல் இந்திய மருத்துவ சங்கம் பதஞ்சலி நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 2023 நவம்பரில் உச்சநீதிமன்றம் எச்சரித்தது. எச்சரித்த பிறகும் விளம்பரம் நிற்கவில்லை என்று 2024 பிப்ரவரியில் அவமதிப்பு நோட்டீசு! ஏப்ரலில் 67 ஏடுகளில் மன்னிப்பு வெளியிட்டார்கள். விளம்பரம் போட்ட அதே அளவில்தான் மன்னிப்பையும் போட்டீர்களா என்று நீதிபதிகள் கேட்டது நமக்குப் பிடித்த கேள்வி. ஆகஸ்டில் மன்னிப்பை ஏற்று, அவமதிப்பு வழக்கை முடித்தார்கள். மருத்துவர்களின் பெரிய சங்கத்துக்கே இத்தனை காலம் என்றால், ஷிப்டுக்குப் போகிறவன் என்ன செய்வான்?

இன்னொன்றையும் தோழர்கள் கவனிக்க வேண்டும். ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளுக்கு விளம்பரம் செய்யுமுன் மாநில உரிம அதிகாரியிடம் எண் பெறவேண்டும் என்று 2018-ல் ஒரு விதி வந்தது. பொய்யை முளையிலேயே கிள்ளும் வழி. அதிலும் மாநிலத்தின் கையில் இருந்த வழி! 2024 ஜூலையில் டில்லி சர்க்கார் அந்த விதியையே நீக்கியது. ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அந்த நீக்கத்துக்குத் தடை விதித்தது. 2025 ஆகஸ்டில் வழக்கு முடிக்கப்பட்டபோது தடையும் போயிற்று. சித்த மருத்துவத்தின் மீது நமக்குப் பகையில்லை. அதன் பெயரைச் சொல்லிப் புளுகுகிறவர்கள் மீதுதான் பகை.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கடுமையானதுதான். பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. சிரித்தபடி சரக்கைச் சிபாரிசு செய்யும் நட்சத்திரத்துக்கும் அபராதம் உண்டு. ஓராண்டு வரை விளம்பரத்தில் தோன்றத் தடையும் விதிக்கலாம். தயாரிப்பாளருக்கு இரண்டாண்டுச் சிறை வரை உண்டு. ஆனால், அந்தச் சிறைக்கான வழக்கை நீதிமன்றம் ஏற்க வேண்டுமானால், மத்திய ஆணையமோ அது அதிகாரம் அளித்த அலுவலரோதான் புகார் செய்யவேண்டும்! நம் மாவட்ட ஆட்சியர் விசாரிக்கலாம். விசாரித்து அறிக்கையை டில்லிக்கு அனுப்பலாம். அவ்வளவுதான் அவருக்குள்ள அதிகாரம். பயிற்சி நிலையங்கள் சிலவற்றுக்கு அந்த ஆணையம் அபராதம் போட்டதை மறைக்கவில்லை. ஆனால், சிற்றூர்ச் சுவரில் ஒட்டிய சுவரொட்டி டில்லியின் கண்ணுக்கு எப்போது தெரியும்? வழக்குத் தொடரும் அதிகாரத்தை மாநிலத்துக்குக் கொடு என்று கேட்கிறோம். நோயாளி இங்கே, மருத்துவமனைச் செலவு இங்கே. அதிகாரம் மட்டும் அங்கேயா?

அதுவரை இருப்பதை வைத்துப் போராடுவோம். 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த விலை 5 லட்சம் வரையிருந்தால் கட்டணமே கிடையாது. விளம்பரத்தைக் கத்தரித்து, ஏட்டின் பெயரும் தேதியும் குறித்து, பணம் கட்டிய ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள்.

தோழர் காட்டிய அந்தத் தாள் இப்போது நம் மேசை மீது இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை, ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு கொடுக்கிறோம். உடல் தேறிவிட்டது, தோழரும் உடன் வருகிறார்.