முதலாளி போன பிறகும் நின்ற கிளப்

சித்தூர்ப் பக்கத்து மக்களுக்குப் பால் பண்ணையின் கதையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாவட்டத்து மாட்டுக்காரர்களின் பாலை வாங்கி நடந்த கூட்டுறவுப் பண்ணை 2002இல் மூடப்பட்டது. இருபது வருடம் பூட்டிக் கிடந்து, 2023இல் அமுலின் கைக்குப் போய் மறுபடி பூமிபூஜை கண்டது. மூடியது யார் என்ற சண்டை தேர்தலுக்குத் தேர்தல் வரும். அது இங்கே வேண்டாம். இத்தாலியிலும் பாலால் பேர்பெற்ற ஊர் ஒன்று இருக்கிறது: பார்மா. மக்கள்தொகை ஏறக்குறைய 2 லட்சம். திருப்பதியைவிடச் சிறிய ஊர். அங்கும் ஒரு பால் கம்பெனி கவிழ்ந்து ஊரே ஆடிப்போனது. ஆனால் அந்தக் கம்பெனியின் காசில் வளர்ந்த கால்பந்து கிளப், கம்பெனி விழுந்த பிறகும் சாகவில்லை. ஒருமுறை செத்தும்கூடத் திரும்பி வந்தது. நம் நாட்டில் இதைவிடப் பெரிய பேர் எடுத்த அணிகள் சுவடில்லாமல் போயிருக்கும்போது, அது எப்படி முடிந்தது?

பார்மா கிளப் 1913இல் தொடங்கியது. அந்தப் பக்கத்தில் பிறந்த இசைமேதை ஜுசெப்பே வெர்தியின் நூற்றாண்டு அது. முதலில் அவர் பெயரைத்தான் அணிக்கு வைத்தார்கள். சில மாதத்திலேயே ஊர்ப் பெயருக்கு மாறிவிட்டார்கள். அந்தச் சின்ன மாற்றத்தில் பாதிக் கதை அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். அதன் பிறகு எழுபத்தைந்து வருடத்துக்கு மேல் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. கீழ்நிலை லீக்குகளில் ஏறுவதும் இறங்குவதுமாகக் காலம் போனது. 1980களின் கடைசியில் கலிஸ்தோ தான்ஸி வந்தார். கெடாத பாலை அட்டைப்பெட்டியில் அடைத்து விற்ற பார்மலாட் கம்பெனியின் முதலாளி அவர். 1990இல் கிளப் முதன்முறையாக முதல்நிலை லீகான செரி ஆவில் ஆடியது. 1993இல் ஐரோப்பியக் கோப்பை வென்றவர்களின் கோப்பை, 1995இலும் 1999இலும் யூஃபா கோப்பை. பிற்பாடு உலகக் கோப்பையைத் தூக்கிய பூஃபோன், கன்னவாரோ, துராம் எல்லாரும் அந்த மஞ்சள் நீலச் சட்டையைப் போட்டவர்கள். லீக் பட்டம் மட்டும் கடைசிவரை கைக்கு வரவில்லை.

2003 டிசம்பரில் பார்மலாட் சரிந்தது. கணக்கில் இருந்த ஓட்டை சுமார் 1,400 கோடி யூரோ என்று வெளிப்பட்டது. தான்ஸி சிறைக்குப் போனார். கிளப் கை மாறிக் கை மாறி, கடைசியில் ஒரே ஒரு யூரோவுக்கு விற்கும் நிலைக்கு வந்தது. 2015இல் மைதானத்தில் காவலுக்கு ஆள் வைக்கக்கூடப் பணமில்லாமல் ஆட்டங்கள் தள்ளிப்போயின. அந்த மார்ச்சில் நீதிமன்றம் திவாலை அறிவித்தது. அதே கோடையில் ஊர்க்காரர்கள் புதுச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்து, நான்காம் நிலையான செரி டி லீக்கில் போய் நின்றார்கள். அமெச்சூர் லீக் அது. அதைப் பார்க்க 9,000 பேருக்கு மேல் சீசன் டிக்கெட் வாங்கினார்கள்; அந்த நிலையில் இத்தாலி அதுவரை காணாத எண்ணிக்கை. முதல்நிலையில் ஆடிய கேப்டன் அலெஸ்ஸாந்த்ரோ லூகரெல்லி விட்டுப் போகாமல் கூடவே இறங்கி வந்தார். அந்த வருடம் ஓர் ஆட்டமும் தோற்கவில்லை. 2016, 2017, 2018 என்று வரிசையாக மூன்று ஏற்றம். செரி டியிலிருந்து செரி ஆ வரை இப்படி நிற்காமல் ஏறிய முதல் கிளப் இதுதான்.

இப்போது நம் பக்கம் வருவோம். பஞ்சாபின் பக்வாராவில் ஜே.சி.டி. நூற்பாலையின் அணி 1971இல் உருவானது. 1996-97இல் முதல் தேசியக் கால்பந்து லீகை வென்றது அதுதான்; பாய்ச்சுங் பூட்டியாவும் ஐ.எம்.விஜயனும் ஆடிய அணி. 2011இல் செலவுக்கேற்ற விளம்பரம் கிடைக்கவில்லை என்று ஆலை நிர்வாகம் அணியைக் கலைத்தது. அதோடு சரி. ஹைதராபாத் சிட்டி போலீஸ் இன்னும் பெரிய கதை. சையத் அப்துல் ரஹீமின் பயிற்சியில் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பை வென்றவர்கள். இந்தியா 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்தபோது ஹைதராபாத்காரர்களே அணியின் முதுகெலும்பு. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த செகந்திராபாத் துளசிதாஸ் பலராமும் அதில் ஒருவர். 1963இல் ரஹீம் காலமானார். பிறகு அணி மெல்ல மங்கியது. கவனிக்க வேண்டியது, போலீஸ் இலாகா எங்கும் போய்விடவில்லை என்பதை. முதலாளி இருந்தும் அணி தேய்ந்தது. ஜே.சி.டி.யில் முதலாளி மனம் மாறியதும் அணி முடிந்தது. இரண்டிலும் சட்டையில் இருந்தது ஆலையின் பெயர், இலாகாவின் பெயர். கலைத்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், இல்லை, அது எங்களுடையது என்று எதிர்த்துச் சொல்ல உரிமையுள்ளவர் யாரும் இல்லை.

சித்தூர் வாசகர் உடனே மடக்குவார்: பால் பண்ணையும் எங்களுடையதுதானே, கூட்டுறவுதானே, அது மட்டும் ஏன் பூட்டப்பட்டது? நியாயமான கேள்வி. காகிதத்தில் உடைமை இருந்தால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. மாட்டுக்காரருக்குப் பண்ணையோடு இருந்த பந்தம் விலைப் பந்தம். அது மூடிய மறுநாள் காலையும் மாடு கறக்கத்தான் வேண்டும். வேறொரு வேன் வந்து நின்றால் கேனை அதில் ஏற்றுவதுதான் புத்தி. கிளப்பின் ரசிகருக்கு அந்த வசதி கிடையாது. பார்மா திவாலானால் முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் ரெஜ்ஜோ எமிலியாவின் அணிக்குக் கைதட்டப் போகமாட்டார். இரண்டு ஊருக்கும் தலைமுறைப் பகை. மணிக்கூண்டின் ஓசை கேட்கும் தூரம்தான் தன் தேசம் என்ற அந்த ஊர்வெறிக்கு இத்தாலியர் காம்பனிலிஸ்மோ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். நாட்டுக்கு அது நல்லதா என்பது வேறு விஷயம். கிளப்புக்கு அதுதான் முதல்.

பணக்காரர் இல்லாமலா நடந்தது என்றும் கேட்கலாம். இல்லைதான். 2015இல் பாஸ்தா தயாரிக்கும் பரில்லா குடும்பம் உள்ளிட்ட உள்ளூர்த் தொழிலதிபர்கள் பணம் போட்டார்கள். ரசிகர்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. 2020இல் அமெரிக்கரான கைல் கிராஸ் பெரும்பங்கை வாங்கினார். 2021இல் இறங்கி, 2024இல் மறுபடி ஏறினார்கள். ஆக முதலாளி வேண்டும். ஆனால் பார்மாவில் முதலாளி வாடகைக்காரர் மாதிரி. காலி செய்துவிட்டுப் போகலாம், வீட்டை இடித்துவிட்டுப் போக முடியாது. அதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: இறங்கி நிற்க செரி டி என்ற படி இருந்ததால்தான் பார்மா ஏறியது. இங்கே 2014இல் தொடங்கிய ஐ.எஸ்.எல். கால்பந்து லீக் முதல் பல வருடங்களில் கீழிருந்து யாரையும் ஏறவிடவில்லை. அடுத்த நிலையான ஐ-லீக்கின் வெற்றியாளருக்கு அந்த வழி திறந்தது 2023இல்தான். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஏணி இல்லாத இடத்தில் ஊர்ப்பற்று மட்டும் என்ன செய்யும்?

இருந்தாலும் ஏணியின் அடியில் நிற்க ஒரு பெயராவது வேண்டுமே. சித்தூரிலும் திருப்பதியிலும் திடலுக்குக் குறைவில்லை, கல்லூரி உண்டு, 1954இல் தொடங்கிய வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் உண்டு. கிரிக்கெட் மோகம்தான் தடை என்பார்கள். ஊர் பேரில் கிரிக்கெட் கிளப் ஒன்றாவது ஊரைத் திரட்டியிருந்தால் அதை நம்பலாம். நம் விளையாட்டு மாவட்டக் கணக்கில் நடக்கிறது. தேர்வும் மாவட்ட வாரியாகத்தான். மாவட்டமோ வடாற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் துண்டெடுத்து 1911இல் ஒட்டியது. 1953இல் சென்னையை விட்டு ஆந்திராவுக்குப் போனது, 1960இல் திருத்தணியை இழந்தது, 2022இல் திருப்பதியும் மதனப்பள்ளியும் பிரிந்தன. ‘சித்தூர் மாவட்ட அணி’க்கு ஒரு திருத்தணிக்காரர் சின்ன வயதில் கைதட்டியிருந்தால், அந்த அணி அவர் கேட்காமலே வேறு மாநிலத்து அணியாகிவிட்டது. பார்மாவும் 1860 வரை தனிச் சமஸ்தானம். டியூக்கின் கொடி போய் இத்தாலியின் கொடி வந்தது. ஆனாலும் சட்டையில் எழுத அவர்களிடம் ஊர்ப் பெயர் அப்படியே இருந்தது.