வளர்ச்சித் தாமதம்: காலத்தே கிடைக்க வேண்டிய உதவி

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாக வகுத்துள்ளனர். ஐந்தாம் மாதத்தில் தலையை நிமிர்த்தி அசைந்தாடுவது செங்கீரை. ஒன்பதாம் மாதத்தில் உட்கார்ந்து கைகொட்டுவது சப்பாணி. ஓராண்டையொட்டித் தளர்நடையிட்டு வருவது வருகை. இன்ன மாதத்தில் குழந்தை இன்னது செய்யும் என்னும் அறிவு நம் வீடுகளில் தொன்றுதொட்டு இருந்து வருகிறது. ஆனால், அவ்வாறு செய்யாத குழந்தைக்கு ஆவன யாவை என்ற கேள்விக்கு மட்டும், "போகப் போகச் சரியாகிவிடும்" என்ற ஒரே விடைதான் நெடுங்காலமாகக் கிடைத்து வந்தது. அவ்விடையை நம்பிக் காத்திருக்கும் மாதங்களே குழந்தைக்குப் பெரும்பயன் தரக்கூடிய மாதங்கள் என்பதை இன்றைய விஞ்ஞானம் தெளிவாக்கியுள்ளது.

விரைவின் அவசியம்

மூளை மிக வேகமாக வளர்வது வாழ்வின் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில்தான். காண்பது, கேட்பது, தொடுவது, தாயின் பேச்சுக்கு மறுமொழியாக ஒலியெழுப்புவது ஆகிய ஒவ்வோர் அனுபவமும் நரம்புகளுக்கிடையே உள்ள இணைப்புகளை வலுப்படுத்துகிறது. பிறவியிலேயே தைராய்டு சுரப்புக் குறைவாக உள்ள குழந்தையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். பிறந்த சில வாரங்களுக்குள் இக்குறையைக் கண்டுபிடித்து நாள்தோறும் மாத்திரை கொடுத்தால், அக்குழந்தை பெரும்பாலும் மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். பல மாதங்கள் கடந்தபின் கொடுத்தால், அறிவு வளர்ச்சியில் நேர்ந்த இழப்பை முழுவதும் ஈடு செய்ய இயலாது. செவித்திறனும் இத்தகையதே. பிறந்த ஒரு மாதத்திற்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்திற்குள் குறையை உறுதி செய்தல், ஆறு மாதத்திற்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலக நிபுணர்கள் ஏற்றுக்கொண்ட கால வரையறையாகும்.

எல்லாத் தாமதங்களுக்கும் மருந்து உண்டு என்பது இதன் பொருளன்று. மருந்தில்லாத நிலையிலும் பயிற்சிக்குப் பயன் உண்டு. அப்பயிற்சியை எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோமோ அவ்வளவுக்கு நன்மை. இதனையே 'ஆரம்ப இடையீடு' என்கிறோம்.

ஹைதராபாத் நிலையம்

இத்துறையில் மத்திய அரசாங்கத்தின் முக்கியமான நிலையம் ஹைதராபாத்தின் இரட்டை நகரமான செகந்தராபாத்தில், மனோவிகாஸ் நகரில் உள்ளது. அறிவு வளர்ச்சி குன்றியோருக்கான தேசிய நிலையம் என 1984இல் அமைக்கப்பட்ட இது, 2016இல் அறிவுசார் குறைபாடுடையோரின் அதிகாரமளித்தலுக்கான தேசிய நிலையம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. சிகிச்சையும் பயிற்சியும் அளிப்பதுடன், நாட்டிற்கு வேண்டிய சிறப்பாசிரியர்களையும் நிபுணர்களையும் இந்நிலையம் உருவாக்கி வருகிறது. 2021 ஜூன் 17ஆம் நாள், தேசிய நிலையங்களிலும் வட்டார மையங்களிலுமாக 14 ஆரம்ப இடையீட்டு மையங்கள் தொடங்கப்பட்டன. அவற்றுள் ஒன்று செகந்தராபாத்திலும், மற்றொன்று சென்னையிலும் அமைந்தன. பிறந்தது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளின் பார்வை, செவி, உடலியக்கம், அறிவு ஆகியவை சார்ந்த குறைகள் அனைத்தையும் ஒரே கூரையின்கீழ் கவனிப்பது இம்மையங்களின் நோக்கம். ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் நான்கு ஆஸ்பத்திரிகளுக்கு அலையும் நிலையை இது தவிர்க்கிறது.

சேவையின் பாதை

எனினும், ஒரு நகரத்து நிலையத்திற்கு எல்லாக் குழந்தைகளும் வந்து சேர இயலாது. ஆகவே, 2013 பிப்ரவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பிறவிக் குறைகள், சத்துக் குறைவு, நோய்கள், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கு வகையில் 30 நிலைகளைக் கண்டறிய இது வழி செய்தது. பிரசவ விடுதியில் பிறந்த குழந்தையை அங்குள்ள ஊழியர்கள் பார்க்கின்றனர். முதல் ஆறு வாரங்களில் ஆஷா ஊழியர் வீட்டிற்கே சென்று காண்கிறார். பின்னர் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இரு முறையும், பள்ளிக்கு ஒரு முறையும் வருகிறது. ஐயத்திற்குரிய குழந்தை மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்திற்கு அனுப்பப்படுகிறது. அங்கே குழந்தை மருத்துவர், இயன்முறை மருத்துவர், செவி மற்றும் பேச்சு நிபுணர், உளவியல் நிபுணர், சிறப்பாசிரியர் ஆகியோர் கூடிப் பணி புரிய வேண்டும் என்பது ஏற்பாடு.

களத்தில் பயன்படும் கருவிகளும் எளியவையே. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் வகுத்த அட்டவணையில் 17 செயல்கள் பட்டைகளாக வரையப்பட்டுள்ளன. குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்புறம் முற்றிலும் அடங்கிய செயல்களில் எதையேனும் குழந்தை செய்யவில்லையாயின், மேற்பரிசோதனை தேவை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு வயதைக் கணக்கிடுகையில், முன்னதாகப் பிறந்த வாரங்களைக் கழித்துக்கொள்ளுதல் வேண்டும்.

வழியில் நின்றுவிடும் குழந்தை

இச்சேவைகளை நடத்தும் அதிகாரியின் உண்மையான சோதனை இங்குதான் தொடங்குகிறது. பரிசோதிப்பது சுகாதாரத் துறை. அங்கன்வாடியோ மகளிர் மற்றும் குழந்தைகள் நலத்துறையைச் சேர்ந்தது. செகந்தராபாத் நிலையமோ சமூக நீதித் துறையின்கீழ் உள்ளது. ஒரு துறையின் பதிவேட்டிலிருந்து மற்றொன்றின் பதிவேட்டிற்குச் செல்லும் இடைவெளியில் குழந்தை விடுபட்டுப் போகலாம். அனுப்புச் சீட்டைப் பெற்ற தாய்க்கு ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் தடையாகலாம். முதல் முறை வந்தவர் மறுமுறை வராமலிருக்கலாம்.

ஆகையால், "எத்தனை குழந்தைகளைப் பரிசோதித்தோம்?" என்ற எண்ணிக்கையோடு அதிகாரி நின்றுவிடலாகாது. அனுப்பப்பட்டவர்களில் மையத்தை வந்தடைந்தவர் எத்தனை பேர்? எத்தனை நாட்களில் வந்தனர்? மூன்று மாதங்களுக்குப் பின்னும் பயிற்சியில் நீடிப்பவர் எத்தனை பேர்? இம்மூன்று வினாக்களுக்கும் மாதந்தோறும் விடை காணும் மையமே பயன் தரும் மையமாகும். ஆண்டிற்கு ஒரு முறையேனும் எல்லாக் குழந்தைகளையும் பரிசோதிக்க வேண்டும் என 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுகிறது. ஆனால், பரிசோதனையின் பின் உதவி வராவிடில் பெற்றோருக்கு எஞ்சுவது கவலை மட்டுமே.

ஊழியரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

நோயின் பெயர் தெரியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒன்பது மாதம் கடந்தும் பிடிமானமின்றி உட்காராத குழந்தை, பதினெட்டு மாதமாகியும் தனியே நடக்காத குழந்தை, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத குழந்தை, கற்ற சொற்களை இழந்துவிட்ட குழந்தை ஆகியோரை உடனே அனுப்புதல் வேண்டும். பேச்சுத் தாமதமெனில் முதலில் செவியைப் பரிசோதிக்கச் செய்க.

மையத்தில் நிபுணர் செலவிடும் நேரம் வாரத்தில் ஒரு மணியாயின், வீட்டில் தாய் குழந்தையோடு கழிக்கும் நேரம் பல மணியாகும். எனவே குளிப்பாட்டுகையிலும் சோறூட்டுகையிலும் செய்யத்தக்க பயிற்சிகளைப் பெற்றோருக்குக் கற்பிப்பதே சிறந்த முறை. சென்னை மதுரம் நாராயணன் மையம் உருவாக்கிய 'உபநயன்' பயிற்சித் திட்டமும் பெற்றோரைத் துணையாகக் கொண்டே நடைபெறுவது. ஆசிரியர்கள் அத்தகைய குழந்தையைப் பாலர் வகுப்பில் முன்வரிசையில் அமர்த்தி, மற்றப் பிள்ளைகளோடு விளையாடச் செய்யலாம். குறையைத் தாயின் தவறாகப் பேசும் அக்கம்பக்கத்தாருக்கு உண்மையை எடுத்துரைக்கலாம்.

சீட்டு எழுதிக் கொடுத்ததும் கடமை முடிந்ததெனக் கருதாமல், அடுத்த வாரம் அவ்வீட்டிற்குச் சென்று, "போய் வந்தீர்களா அம்மா?" என்று விசாரித்து வருவது ஊழியரின் பணியில் ஒரு பகுதியே. பல குழந்தைகளுக்கு உதவி கிட்டுவதும் கிட்டாமற் போவதும் இவ்வொரு கேள்வியைப் பொறுத்தே இருக்கிறது.