டைமிங் சொன்ன பாடம்

தூத்துக்குடி உப்புக்காற்றில் எங்கள் பழைய பெட்ரோல் அம்பாசடரின் டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் அடிக்கடி கெடும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதே என் வேலை. கடன் வாங்கி 1489 சி.சி. எஞ்சினை ரீபோர் செய்தபோது, "எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர் போடுவோம்பா" என்றேன். "பாத்துச் செய்யிலே, இனி துட்டு கிடையாது" என்றார் அப்பா.

இதில் பாயிண்டுக்குப் பதில் சென்சார். காந்தம் அதைக் கடக்கும்போது மாட்யூல் காயிலின் மின்சாரத்தைத் துண்டிக்கும். பிளக்கில் பொறி வரும். பாயிண்ட் போல உரசித் தேய எதுவுமில்லை. பேட்டரியின் எந்த முனை பாடியில் எர்த் என்று மட்டும் முதலில் பாருங்கள். மாறினால் மாட்யூல் எரியும்.

நான் புல்லி குறியைச் சேர்த்து, ரோட்டாரை 1-ம் பிளக் ஒயருக்கு நேரே வைத்தேன். செல்ஃப் அடித்ததும் கார்புரேட்டரில் 'டப்'பென்று வெடித்தது! அப்பா முகத்தில் ஈயாடவில்லை.

காரணம் என்ன? டிஸ்ட்ரிபியூட்டர் ஒருமுறை சுற்ற, கிராங்க் இருமுறை சுற்றும். ஆகவே குறியும் இருமுறை சேரும்: ஒன்று கம்ப்ரஷனில், மற்றது எக்ஸாஸ்டில். நான் பிடித்தது எக்ஸாஸ்ட்!

1-ம் பிளக்கைக் கழற்றி, துளையில் விரல் வைத்து எஞ்சினைக் கையால் சுற்றினேன். காற்று விரலைத் தள்ளியதும் குறியைச் சேர்த்தேன். ரோட்டார் சுற்றும் திசையில் 1-3-4-2 என்று ஒயர் கொடுத்தேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது! வாக்குவம் டியூபைக் கழற்றி அடைத்து, டைமிங் லைட்டில் பார்த்து, மேனுவல் சொன்ன டிகிரியில் கிளாம்பை இறுக்கினேன். அட்வான்ஸ் கூடினால் நாக்கிங் வந்து புதுப் பிஸ்டனே அடிபடும்.

அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. இருப்பதைக் காப்பது நம் கையில்தான். எலக்ட்ரானிக் வந்தாலும், ஃபர்ஸ்ட் இயரில் படித்த நாலு ஸ்ட்ரோக்கை மறந்துவிடாதீர்கள் நண்பர்களே!