கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வாருங்கள்

மால் வாசலில் கூப்பன் நிரப்பிக் கொடுத்தால் சில நாளில் போன் வரும். "சார், உங்களுக்கு கிஃப்ட் விழுந்திருக்கு. மேடத்தோட வந்து வாங்கிக்குங்க." கணவனும் மனைவியும் சேர்ந்தே வர வேண்டும் என்பதில் கறாராக இருப்பார்கள். 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்று எழுந்து போகும் வழியை அடைக்கத்தான் அது. படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள்கூட இரண்டு மணி நேரத்தில் டைம்ஷேர் என்ற விடுமுறை விடுதி உறுப்பினர் திட்டத்துக்கு லட்சக்கணக்கில் கார்டைத் தேய்த்துவிட்டு வருகிறார்கள்.

போவதென்றால் கிரெடிட் கார்டையும் காசோலையையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஓ.டி.பி. யாருக்கும் சொல்லாதீர்கள். விற்பனையாளர் வெள்ளைத்தாளில் ஒரு விலை எழுதி, அடித்து, கீழே 'இன்றைக்கு மட்டும்' என்று இன்னொரு விலை எழுதுவார். மே மாதம் ஊட்டியில் ரூம் நிச்சயம், வேண்டாமென்றால் விற்றுக்கொள்ளலாம் என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கும். பேச்சு முடிந்ததும் அதை அவரே மடித்து எடுத்துக்கொள்வார். உங்களைக் கட்டுப்படுத்துவது ஒப்பந்தம் மட்டுமே. அதன் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, ஆண்டுதோறும் எவ்வளவு ஏறும், எந்த சீசனில் ரூம் கிடைக்கும், ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்று தேடிப் பாருங்கள். ஒருநாள்கூடப் போய்த் தங்காவிட்டாலும் பராமரிப்புக் கட்டணம் கட்டியாக வேண்டும், அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் உண்டு.

கையெழுத்துப் போட்டாகிவிட்டதா? ஒப்பந்தத்தில் ரத்து விதியைத் தேடுங்கள். பல நிறுவனங்கள் 10 நாள் போல அவகாசம் தருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாள் என்று சட்டமே சொல்கிறது. இங்கே டைம்ஷேருக்கென அப்படியொரு தனிச் சட்டம் இல்லை. இத்தனை குடும்பங்கள் ஏமாந்த பிறகும் அரசு இதைக் கண்டுகொள்ளாதது பெரும் தவறு. போனில் சொன்னால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். ரத்துக் கடிதத்தை மின்னஞ்சலிலும், ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். இ.எம்.ஐ. போட்டிருந்தால் வங்கிக்கும் அன்றே எழுதுங்கள்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அடுத்து, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் உங்கள் ஊரிலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. செலுத்திய தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. ஒப்பந்தம், ரசீது, வங்கி ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றின் நகலும் வேண்டும். எதையும் அழித்துவிடாதீர்கள்.

வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று நிறுவனம் சொல்வதை நம்பி அந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.